ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வருமா?

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, களுவாஞ்சிகுடியை அண்டிய எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்தைச் சுருக்கித் தருகிறேன்.

ஒன்றேகால் ஏக்கர் வளவு. அதில் அரை ஏக்கரில் வெங்காயம், மிளகாய், கத்தரி, வெண்டி. கடல் கிழக்கே ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர், வாவி மேற்கே ஒன்றரைக் கிலோமீற்றர். 14 அடி ஆழச் சீமெந்து வளையக் கிணறு ஒன்றும், இரண்டு அங்குல மண்ணெண்ணெய் மோட்டர் ஒன்றும் இருக்கின்றன. காலையும் மாலையுமாக மூன்று மணித்தியாலம் இறைக்கிறார். மூன்று வருடமாக ஆடி பிறந்ததும் தண்ணீர் சவர்க்கிறது, வெங்காயத்தாள் நுனி கருகுகிறது, மிளகாய் இலை கொட்டுகிறது. கணவர் கட்டாரில். அவர் சேர்த்து அனுப்பிய ஆறு இலட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. 90 அடிக்குக் குழாய்க் கிணறு போட்டால் நல்ல தண்ணீர் என்று ஒருவர் 15,000 ரூபாய் முற்பணமும் வாங்கிவிட்டார். தம்பி உவர்நீரை நன்னீராக்கும் மெசின் வாங்கச் சொல்கிறார். மச்சான் வாவித் தண்ணீரை இழுப்போம் என்கிறார். மானிய விலையில் சோலர் மோட்டர் தருவதாகவும் ஒரு கதை. அம்மாவோ, "இது சுனாமி போட்ட உப்பு, இனி இந்தக் கிணறு சரிவராது" என்று கையை விரித்துவிட்டார். போன வருடம் பக்கத்து வளவுக்காரர் வேலியிலிருந்து 20 அடியில் புதுக் கிணறு வெட்டிப் பெரிய மோட்டர் பூட்டியிருக்கிறார். அவர்மேல் பொலிசில் முறையிடலாமா என்பது கடைசிக் கேள்வி. வீட்டில் ஏழு மாதக் குழந்தையும் இருக்கிறது. அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நான் சொல்லவேண்டியிருக்கிறது.

அன்புள்ள தங்கச்சி,

முதலில் ஒன்று. குழாய்க் கிணற்றுக்காரரை இந்த வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றவை ஆறுதலாகப் பேசலாம்.

"எங்கட பக்கம் வரண்ட பூமி" என்று எழுதியிருக்கிறீர்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மட்டக்களப்புக் கரையோரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர் மழை விழுகிறது. சென்னைக்குக் கிடைப்பதை விட இது அதிகம். சிக்கல் என்னவென்றால் அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு சித்திரையில் கொஞ்சம் தூறல், அதன்பின் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்கள் மாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. எழுவான்கரையில் குளம் கட்ட மேடும் இல்லை, களிமண்ணும் இல்லை. நமக்கு மணல்தான் குளம். நீங்கள் கோடையில் இறைப்பது போன மாரியில் உங்கள் ஊர் மணலுக்குள் இறங்கிய மழையைத்தான். எங்கோ தொலைவிலிருந்து வரும் நிலத்தடி ஆறு எதுவும் கிடையாது.

அந்த மழைத்தண்ணீர் கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் நடுவில், உப்புத் தண்ணீருக்கு மேலே, பாலில் ஆடை படிந்தது போல் கிடக்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் பாரம், அதனால் கலக்காமல் மேலே நிற்கிறது. இரண்டுக்கும் பாரத்தில் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைதான். அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து நீரியலில் ஒரு கணக்கு வருகிறது: கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நல்ல செய்திதான். அதையே திருப்பிப் பாருங்கள். மேலே தண்ணீர் மட்டம் ஓரடி இறங்கினால், கீழேயுள்ள உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். உடனே வராது, கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஒரே இடத்தில் வேகமாக உறிஞ்சினால் அந்த இடத்துக்கு நேர்கீழே உப்பு கூம்பு போல எழும்பும். உங்கள் கிணற்றில் ஆடி மாதம் நடப்பது இதுதான்.

இப்போது 90 அடிக் குழாயை நினைத்துப் பாருங்கள். நீங்கள் தேடுவது மேலே கிடக்கும் மெல்லிய ஆடை. குழாயின் வாயைக் கொண்டுபோய் வைப்பதோ அதற்குக் கீழே. மணல் முடிந்து பாறை வந்தால், பாறை வெடிப்பில் தண்ணீர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தாலும் கடலுக்கு அரைக் கிலோமீற்றரில் அது நல்ல தண்ணீராக இருக்கும் என்று எந்த அளவீடும் செய்யாமல் ஒருவர் சொன்னால், அவர் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை, துளைக்கும் அடிக்கணக்கைப் பற்றிப் பேசுகிறார். படுவான்கரையில், கடலிலிருந்து தூரத்தில், ஆழக் குழாய்க் கிணறு பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுவான்கரையிலும் இந்த நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். மண் வேறு, கணக்கும் வேறு. அந்தக் காலத்தில் நம் கரையோரத்தில் பூவல் என்னும் ஆழமில்லாத குழி தோண்டி, ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளினார்கள். ஆழம் போகாமல் மேலாக எடுத்த அந்தப் பழக்கம் இந்த மண்ணுக்குப் பொருத்தமானது.

அம்மா சொல்லும் சுனாமி உப்பு

அம்மாவின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிய இடங்களில் கிணறுகள் உப்பாகித்தான் போயின. அப்போது உதவிக்கு வந்தவர்களும் வீட்டுக்காரரும் நல்ல எண்ணத்தோடு கிணறுகளை அடியோடு இறைத்துத் துப்புரவு செய்தார்கள். சில இடங்களில் திரும்பத் திரும்ப இறைத்ததாலேயே கீழிருந்த உப்பு மேலே வந்தது. மேலே விழுந்த கடல்நீரை விட இது சங்கடமாகப் போனது. பிறகு வந்த மாரிமழைகள் மணலைக் கழுவின, கிணறுகள் மெல்ல மெல்லத் தேறின. மணலில் உப்பு நிரந்தரமாகக் குடியிருக்காது, மழை அதைக் கீழே தள்ளிவிடும். அதற்குப் பிறகு இருபது மாரி கடந்துவிட்டது. உங்கள் கிணறு தை மாதத்தில் நன்றாகவும் ஆடியில் சவராகவும் இருப்பதே இது பழைய உப்பு இல்லை என்பதற்குச் சாட்சி. இந்த வருடம் ஏறிய உப்பு, இந்த வருட மழையோடு இறங்குகிறது. ஆகவே கிணறு கைவிடப்பட வேண்டியதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

உங்கள் மோட்டரின் கணக்கு

இனிக் கொஞ்சம் கசப்பான பக்கம். பக்கத்து வளவுக்காரரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மோட்டரைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த வரியில்தான் விடை கிடக்கிறது.

நம் வெயிலிலும் கச்சான் காற்றிலும் ஒரு மரக்கறிப் பாத்தி நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீற்றர் தண்ணீர் குடிக்கும். அரை ஏக்கருக்கு அது ஏறத்தாழ 10,000 முதல் 12,000 லீற்றர். இரண்டு அங்குல மோட்டர் ஆழமில்லாத கிணற்றிலிருந்து மணித்தியாலத்துக்கு 20,000 லீற்றர் அளவில் சாதாரணமாகத் தள்ளும். நீங்கள் மூன்று மணித்தியாலம் இறைக்கிறீர்கள். அதாவது பயிர் கேட்பதைப் போல் ஐந்து மடங்கு. மீதி எங்கே போகிறது? மணலுக்குள் இறங்கித் திரும்ப அதே நீர்மட்டத்துக்குப் போகிறது. "அப்படியென்றால் நட்டம் இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். தண்ணீர்க் கணக்கில் நட்டம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு புள்ளியில் அவ்வளவு வேகமாக உறிஞ்சிய உடனேயே உப்பு எழும்பிவிட்டது. திரும்பி இறங்கும் தண்ணீர் நீங்கள் போட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டு போகிறது. பணம் கொடுத்து வாங்கிய உரம் கிணற்றுக்குள்தான் சேர்கிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். விழும் மழையில் மூன்றில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஒன்றேகால் ஏக்கரில் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 28 இலட்சம் லீற்றர் சேரும். அதில் ஒரு பங்கு நீங்கள் தொடாவிட்டாலும் கடலுக்கும் வாவிக்கும் கசிந்தே தீரும். அந்தக் கசிவுதான் உப்பை வெளியே தள்ளி வைத்திருக்கிறது, அதை வீண் என்று நினைக்காதீர்கள். அரை ஏக்கர் தோட்டத்துக்கு நாளுக்கு 11,000 லீற்றர் வீதம் 120 நாள் என்றால் 13 இலட்சம் லீற்றர். பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அளவாக இறைத்தால் உங்கள் வளவு தாங்கும். ஒன்றேகால் ஏக்கர் முழுவதையும் கோடையில் மரக்கறியாக்கப் பார்த்தால் தாங்காது. கட்டாரிலிருந்து காசு வந்த கையோடு தோட்டத்தைப் பெருப்பிக்கும் யோசனை இருந்தால் அதை மாரிப் பயிரோடு நிறுத்துங்கள்.

நாக்கை நம்பாமல் அளந்து பாருங்கள்

நாக்குக்கு உப்புத் தெரியும்போது வெங்காயத்துக்கு ஏற்கெனவே காலம் கடந்திருக்கும். தண்ணீரின் மின்கடத்துதிறனை (உப்பு கூடக் கூட இது ஏறும்) அளக்கும் பேனா அளவான கருவி ஒன்று கிடைக்கும். ஆறு இலட்சத்தில் முதலில் வாங்கவேண்டியது அதுதான், மற்றவற்றோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. அதில் வரும் எண் மைக்ரோசீமன்ஸ் கணக்கில் இருக்கும். வெங்காயம் ஏறத்தாழ 800 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். மிளகாய் 1,000. தக்காளி 1,700. கச்சான் (நிலக்கடலை) 2,100. கௌப்பி 3,300. கடல்நீர் 50,000 அளவில் நிற்கும். மணல் மண்ணில் உப்பு தேங்காமல் கழுவுப்படுவதால் நமக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கவேண்டாம்.

காலையில் மோட்டர் போடுமுன் ஒருமுறை, போட்டு ஒரு மணித்தியாலத்தில் ஒருமுறை அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் கிணறு சுகமாக இருக்கிறது. இறைக்க இறைக்க எண் ஏறினால் உப்பு கீழிருந்து எழும்புகிறது. அந்த நேரத்தில் மோட்டரை நிறுத்துவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தண்ணீர் மட்டத்தையும் கிழமைக்கு ஒருமுறை அளவுங்கள்.

தம்பி, மச்சான், சோலர் மூன்றையும் இந்தக் கணக்கோடு பார்ப்போம்.

மெசின் பற்றி: குடிதண்ணீருக்கு அது சரி. நாளுக்கு 11,000 லீற்றர் தோட்டத்துக்கு என்றால் மின்சாரச் செலவும் வடிகட்டிச் சவ்வு மாற்றும் செலவும் வெங்காய விலையைத் தின்றுவிடும். அதைவிட, நன்னீரைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கடும் உவர்நீரை எங்கே ஊற்றுவீர்கள்? வளவுக்குள் ஊற்றினால் உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும். யாழ்ப்பாணத்தில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டியிருக்கிறார்கள். அது ஊர்களுக்குக் குடிக்கக் கொடுப்பதற்கு. மாலைதீவின் தலைநகர் மாலேயில் தீவுக்கடியில் இருந்த நன்னீர் ஆடையை உறிஞ்சி, அழுக்காக்கி முடித்த பிறகு வேறு வழியின்றித்தான் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். அந்த நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை.

வாவி பற்றி: மாரியில் வாவித் தண்ணீர் உப்புக் குறைந்திருக்கும், தெற்கு முனையில் வயல் வடிகால் சேர்வதால் இன்னும் குறையும். ஆனால் உங்களுக்குத் தண்ணீர் தேவைப்படும் ஆடி ஆவணியில் அது ஏறிவிடும். ஒன்றரைக் கிலோமீற்றர் குழாய் போட்டு, தேவைப்படாத மாதத்தில் மட்டும் நல்ல தண்ணீர் எடுப்பதில் என்ன பயன்? மச்சானிடம் கருவியைக் கொடுத்து மாதமொருமுறை வாவியில் அளந்துவரச் சொல்லுங்கள், அவரே பேச்சை விட்டுவிடுவார். வாவியிலிருந்து எடுக்கவேண்டியது ஆற்றுவாழை என்ற மிதக்கும் களையைத்தான். கழுவிக் காயவைத்து மாட்டெருவோடு கூட்டெருவாக்கினால் மணலுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

சோலர் மோட்டர் பற்றி எனக்கு இரண்டு மனம். எண்ணெய்ச் செலவு போகிறது, புகை இல்லை, நல்லது. ஆனால் மண்ணெண்ணெய் விலை இதுவரை உங்கள் கையைப் பிடித்து வைத்திருந்தது. வெயில் இலவசம். வெயில் உள்ளவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டால் கோடைக்குக் கோடை கிணறு சவர்த்துப்போகும். எடுப்பதென்றால் கிடைக்கும் மிகச் சிறிய மோட்டரை எடுங்கள். நேரே பாத்திக்கு விடாமல் 5,000 லீற்றர் மேல்தாங்கி ஒன்றுக்கு ஏற்றி, நிரம்பியதும் தானாக நிற்கும்படி மிதவைச் சுவிட்ச் பூட்டுங்கள். நாளுக்கு இரண்டு தாங்கி. அதற்குமேல் இல்லை என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். பெரிய மோட்டர் அரை மணித்தியாலத்தில் எடுப்பதைச் சின்ன மோட்டர் ஆறு மணித்தியாலத்தில் எடுத்தால் நீர்மட்டம் அதிகம் குழியாது. எடுக்கும் தண்ணீர் ஒன்றுதான், வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

காசை எதில் போடலாம்

கருவிக்கு அடுத்தபடி, கிணற்றை ஆழமாக்காமல் அகலமாக்குங்கள். கிணற்றின் இரண்டு பக்கமும், கடற்கரைக்குச் சமாந்தரமாக வடக்கும் தெற்குமாக, 30 அல்லது 40 அடிக்கு வாய்க்கால் வெட்டி, கோடை நீர்மட்டத்துக்கு ஓரடி ஒன்றரையடி கீழே, வெட்டுப்போட்ட நாலு அங்குல பீவிசி குழாயைப் படுக்கையாகப் பதித்து, சுற்றிலும் சிறு கல்லும் பருமணலும் போட்டு மூடுவது. தண்ணீர் அறுபது முதல் எண்பது அடி நீளத்திலிருந்து மெதுவாக வந்து கிணற்றில் சேரும். ஒரு புள்ளியில் குழி விழாது, உப்புக்கும் எழும்ப இடமில்லை. பசிபிக் கடலில் கிரிபாட்டி நாட்டின் தராவா தீவில் மெல்லிய நன்னீர் ஆடையிலிருந்து ஊருக்கே இப்படித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். நீர்மட்டம் மிகவும் இறங்கியிருக்கும் புரட்டாதியில் வெட்டினால் சரியான ஆழம் தெரியும். ஒரு எச்சரிக்கை: ஈர மணல் சொல்லாமல் சரியும். பலகை முட்டுக்கொடுக்காமல் யாரையும் இடுப்புக்கு மேல் ஆழத்தில் இறக்கவேண்டாம், தனியாக ஒருவரை இறக்கவே வேண்டாம்.

அதன்பின் சொட்டு நீர்ப்பாசனம். மணலில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழிறங்கும். ஆகவே சொட்டுவாய்கள் ஓரடிக்குள் நெருக்கமாக இருக்கவேண்டும். கடைக்காரர் இரண்டடி இடைவெளி போதும் என்றால் கேட்காதீர்கள். வடிகட்டி இல்லாமல் பூட்டாதீர்கள். சொட்டு முறையில் உப்பு ஈரவட்டத்தின் ஓரத்தில் படியும். கோடையில் திடீரென்று ஒரு தூறல் விழுந்தால் அந்த உப்பு வேருக்கு இறங்கிவிடும். அதனால் தூறல் நேரத்தில் "மழைதானே" என்று நிறுத்தாமல், சொட்டை ஓடவிடுங்கள். தூவல் முறை உங்களுக்கு வேண்டாம். சவர்த் தண்ணீர் இலையில் பட்டுக் காய்ந்தால் இலையே கருகும்.

பயிர் நாட்காட்டியை மாற்றுவதற்குக் காசே வேண்டாம், ஆனால் மனம் வைக்கவேண்டும். வெங்காயத்தையும் மிளகாயையும் தை மாசியில் நட்டால், கிணறு மிக நன்றாக இருக்கும் மாதங்களில் அவை வளர்ந்து ஆடிக்கு முன் வெங்காயம் கைக்கு வந்துவிடும், மிளகாயிலும் பெரும்பங்கு பறித்துவிடலாம். ஆடி ஆவணியில் அரை ஏக்கரில் பாதியைச் சும்மா விடுங்கள். மற்றப் பாதியில் கௌப்பியோ கச்சானோ போடுங்கள். ஆவணியில் வெங்காயம் விற்கும் ஆசை உங்களுக்கு இருக்கும் என்பது எனக்கும் தெரியும். கருகிய வெங்காயத்துக்கு எந்த மாதத்திலும் விலை இல்லை.

யூரியாவை ஒரே தடவையில் போடாமல் நாலைந்தாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாத்தியில் வைக்கோலோ தென்னோலையோ மூடுங்கள். புரட்டாதி முடியுமுன் வளவைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு வரம்பு கட்டுங்கள், மழை தெருவுக்கு ஓடாமல் உள்ளேயே இறங்கட்டும். ஆனால் வளவில் குளம் வெட்டும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். மணலில் வெட்டிய குளம் மூடியில்லாத பெரிய கிணறுதான், நாள்தோறும் வெயில் ஐந்து மில்லிமீற்றர் குடித்துக்கொண்டேயிருக்கும்.

குழந்தைக்குப் பால் கரைக்கும் தண்ணீர்

தோட்டக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குழந்தைக்கு மாப்பால் கரைப்பதாகக் கடிதத்தின் நடுவில் ஒரு வரி வருகிறது. இன்றே நிறுத்துங்கள். யூரியாவும் மாட்டெருவும் மலசலகூடக் குழியும் சேர்ந்த மணலில் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று ஏறும். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் சக்தியை அது குறைக்கும். உதடும் நகமும் நீலம் பாரித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். காய்ச்சினால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். நாக்குக்கும் தெரியாது, மேலே சொன்ன கருவிக்கும் தெரியாது. போத்தலில் எடுத்து நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கக் கொடுங்கள்.

உங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்திருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பாவியுங்கள். இணைப்புக் கட்டணம் அதிகம் என்று தள்ளிப்போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு இலட்சத்தில் அதுவும் ஒரு பங்காகட்டும். அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடலாமா என்றால், விடமுடியாது: பாவனை கூடக் கூட அலகு விலையும் ஏறும், ஒரு மாதப் பட்டியலே போதும் உங்களை நிறுத்த. அதோடு ஒரு மழைநீர்த் தாங்கி. நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 28 லீற்றர் வைத்தால் 200 நாளைக்கு 5,600 லீற்றர். 5,000 லீற்றர்த் தாங்கியும் சித்திரைத் தூறலும் சேர்ந்தால் கோடை ஓடிவிடும். முதல் மழையைக் கழித்துவிட்டுப் பிடியுங்கள், கொசுவலை கட்டாயம். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. மணலில் அதற்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் நல்லது.

பக்கத்து வளவுக்காரர்

பொலிசுக்குப் போகவேண்டாம். அவர் களவெடுக்கவில்லை, நீங்கள் செய்வதைத்தான் பெரிதாகச் செய்கிறார். கடிதத்தின்படி உங்கள் கிணறு சவர்க்கத் தொடங்கி மூன்று வருடம், அவர் கிணறு வெட்டி ஒரு வருடம். ஆகவே முழுப் பழியும் அவர்மேல் நிற்காது. அதே நேரம் 20 அடியில் இரண்டு மோட்டர் ஒன்றாக ஓடினால் இரண்டு குழியும் ஒன்றாகி உப்பு இருவருக்கும் சேர்த்தே எழும்பும் என்பதும் உண்மை. இரண்டு கிழமை அளந்த கொப்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். ஒருநாள் அவர் மோட்டர் நிற்கும்போதும் இன்னொரு நாள் ஓடும்போதும் உங்கள் கிணற்றில் அளந்த எண்கள் அதில் இருக்கட்டும். முடிந்தால் அவர் கிணற்றையும் அளந்து கொடுங்கள், அவருக்கும் இதே வியாதி தொடங்கியிருக்கும். காலை உங்களுக்கு, மாலை அவருக்கு என்று நேரம் பிரிக்கலாம்.

பேசிச் சரிவராவிட்டால் அடுத்த படி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் சபை அது, சட்டத்தரணி தேவையில்லை, வேலிச் சண்டை தீர்த்துப் பழகியவர்கள். கமக்காரர் அமைப்பிலும் இதை எடுங்கள், ஏனென்றால் உங்கள் இரண்டு வேலிக்குள் முடியும் விஷயம் இல்லை. ஊரில் வில்லுகளையும் (தாழ்நில நீர்நிலைகள்) தோணாவையும் (கரையோரக் கழி) மண்போட்டு நிரப்புவது, கடற்கரை மணல்மேட்டைக் கிண்டி ஏற்றுவது, வெள்ளத்துக்குப் பயந்து, வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை அவசரப்பட்டு வெட்டுவது எல்லாமே எல்லோருடைய கிணற்றிலும் வந்து நிற்கும். முகத்துவாரம் வெட்டும் நாளைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் வயற்காரரும் மீன்பிடிகாரரும் இருப்பார்கள். தோட்டக் கிணற்றுக்காரர் யாரும் போவதில்லை. நீங்கள் போங்கள்.

15,000 ரூபாய் முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மனிதரிடம் ஆட்களும் சாமான்களும் இருக்கும், சண்டை பிடிக்காமல் வேலையை மாற்றிக் கேளுங்கள்: 90 அடி செங்குத்தாக வேண்டாம், 80 அடி படுக்கையாகப் பதித்துத் தருவாரா? சம்மதித்தால் எத்தனை அடி, எத்தனை அங்குலக் குழாய், வாய்க்காலுக்கு முட்டுப் பலகை யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுப் புரட்டாதிக்கு நாள் குறியுங்கள். மறுத்தால் முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அவர் துளைக்கவே தொடங்கவில்லை.